கரண்ட் போய் வந்ததும் லினக்ஸ் எழும்பவில்லையா? டிரைவரைத் திட்டும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்

ராத்திரி பதினொரு மணிக்குப் பெகுவில் இருந்து அக்கா மகன் போன் அடித்தான். "மாமா, இப்பத்தான் கரண்ட் வந்துச்சு. கம்ப்யூட்டரைப் போட்டா கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்தா நிக்குது. பக்கத்துக் கடை அண்ணன் பார்த்துட்டு, டிரைவர் போச்சு, புதுசா விண்டோஸ் போட்டுத் தரவான்னு கேக்குறார்."

"எதையும் போட விடாதே, மெஷினை முதல்ல ஆஃப் பண்ணு" என்றேன். அந்த மெஷினில் மச்சான் பதினைந்து வருஷமாகச் சேர்த்த படங்கள் இருக்கின்றன. பீலிக்கான் திருவிழா, யாங்கோன் அனோரதா ரோட்டுக் காளி கோயில், செத்துப்போன பெரியவர்கள் எல்லாரும் அதற்குள்தான். புதிதாக எதை ஏற்றினாலும் முதல் பலி அவைதான்.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கம்ப்யூட்டரில் எது கெட்டாலும் 'டிரைவர்' (வைஃபை, ஸ்கிரீன் போன்ற பாகங்களை இயக்கும் நிரல்) என்றுவிடுவோம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில் நேற்றுவரை ஓடிய மெஷின் கரண்ட் போய் வந்ததும் படுத்துவிட்டால், டிரைவருக்கு அதில் சம்பந்தம் இருப்பது அபூர்வம். பெரும்பாலான டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன, தானாகக் காணாமல் போவதில்லை. எனவே நான் எப்போதும் டிஸ்க்கில் இருந்துதான் தொடங்குவேன். அதிலும் பழுது பார்ப்பது பிறகு, பரிசோதனை முதலில்.

அன்றைக்குப் போனில் அவனுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் போனில் சொல்வதுபோல ஒலிப்படிதான் எழுதியிருக்கிறேன். எல்-எஸ் என்று பிரித்து எழுதியிருந்தால் அந்தந்த ஆங்கிலச் சின்ன எழுத்துகளைக் கோடு இல்லாமல் சேர்த்துத் தட்டுங்கள். 'சின்னக் கோடு' என்று சொல்லும் இடத்தில் மட்டும் கோடு போட்டால் போதும்.

முதல் படி: எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஸ்கிரீனைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இதில் எது என்று பாருங்கள்.

கம்பெனி லோகோ வந்ததும் 'பூட் செய்ய டிவைஸ் இல்லை' என்ற பொருளில் ஒரு வரி வந்தால், பெரும்பாலும் பயாஸுக்கே (மெஷினை முதலில் எழுப்பும் போர்டு நிரலுக்கே) டிஸ்க் தெரியவில்லை. லினக்ஸ் இன்னும் களத்துக்கே வரவில்லை. கேபிளைப் பாருங்கள்.

'இனிட்ராம்-எஃப்எஸ்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டு கர்சர் சிமிட்டினால், அல்லது 'ரன் எஃப்-எஸ்-சி-கே மேனுவலி' என்று இருந்தால், டிஸ்க்கில் உள்ள ஃபைல் சிஸ்டம் (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு) குழம்பிப்போயிருக்கிறது. எஃப்-எஸ்-சி-கே என்பது அதைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளை. பெரும்பாலும், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதன் விளைவு இது. அக்கா மகனுக்கு வந்தது இதுதான்.

ஒன்றரை நிமிஷம் ஏதோ டிஸ்க்குக்காகக் காத்திருந்துவிட்டு 'எமர்ஜென்சி மோட்' என்று போனால், எப்போதோ செருகியிருந்த இன்னொரு டிஸ்க்கை மெஷின் தேடுகிறது என்று பொருள். கழற்றிய டிஸ்க்கைத் திரும்பச் செருகிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு சரியாகிவிடும். நிரந்தரத் தீர்வு ஈ-டி-சி ஃபோல்டரில் எஃப்-எஸ்-டேப் என்ற ஃபைலில் இருக்கிறது. அந்த டிஸ்க்குக்கான வரியில் நான்காவது பகுதியில், இருக்கும் சொல்லோடு ஒரு கமா போட்டு 'நோஃபெயில்' என்று சேர்த்துவிட்டால் இனி அதற்காக மெஷின் வாசலில் காத்து நிற்காது.

டெஸ்க்டாப் வரை வந்துவிட்டு வைஃபை இல்லை, சத்தம் இல்லை என்றால் அதுதான் டிரைவர் பிரச்சினை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

இரண்டாம் படி: பென்டிரைவில் இருந்து எழுப்புங்கள்

லினக்ஸின் வகைகளான உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ ஏற்றிய 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். நோயுற்ற டிஸ்க்கில் இருந்து எழுந்து அதே டிஸ்க்கைச் சோதிப்பது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற வேலை. பென்டிரைவைச் செருகி, பவர் போட்டதும் எஃப்12 அல்லது எஸ்கேப் தட்டினால் எதில் இருந்து எழும்ப வேண்டும் என்று கேட்கும். சில மெஷினில் எஃப்2, எஃப்9 என்று மாறும். உபுண்டு என்றால் 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'இன்ஸ்டால்' பக்கம் கை போகக் கூடாது. மின்ட் நேராக டெஸ்க்டாப்புக்கே போய்விடும்.

இன்னொன்று. கரண்ட் வந்த உடனே மெஷினைப் போடாதீர்கள். வந்ததும் இரண்டு முறை போய்ப் போய் வருவது நமக்குத் தெரியாததா? பத்து நிமிஷம் பொறுங்கள். ஸ்டெபிலைசர் வோல்டேஜைத்தான் பார்த்துக்கொள்ளும், கரண்ட் போனால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பேட்டரி உள்ள யூபிஎஸ் வேறு, ஸ்டெபிலைசர் வேறு.

மூன்றாம் படி: டிஸ்க்கின் நாடி பிடிப்பது

எல்லாரும் தாண்டிப்போகிற இடம் இது. எனக்கு இதுதான் முக்கியம்.

மெனுவில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறங்கள். இடது பக்கம் உங்கள் டிஸ்க்கைத் தொட்டு, மேலே மூன்று புள்ளி மெனுவில் 'ஸ்மார்ட் டேட்டா' என்பதைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் நோட்டு அது. மேலே 'டிஸ்க் ஓகே' என்று இருக்கும், அதை நம்பிவிடாதீர்கள். சாகிற அன்று காலைவரை ஓகே சொன்ன டிஸ்க்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

சுழலும் டிஸ்க்காக இருந்தால் நான்கு எண்களை மட்டும் பாருங்கள். 5-ஆம் வரி, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் வைக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள்). 197-ஆம் வரி, படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள். 198, சோதனையில் மீட்க முடியாதவை. இந்த மூன்றிலும் இருக்க வேண்டியது பூஜ்யம். 5-ஆம் வரியில் ஏதோ ஒரு சின்ன எண் வருஷக்கணக்காக அப்படியே நின்றால் பயமில்லை. நாளுக்கு நாள் ஏறினால், அல்லது 197-இல் எண் தெரிந்தால், பழுதுபார்க்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நான்காவது எண் 199. இது டிஸ்க்கின் நோய் இல்லை, டிஸ்க்கில் இருந்து போர்டுக்குப் போகும் கேபிளின் நோய். போகும் வழியில் தகவல் சிதைந்த ஒவ்வொரு முறையும் இது ஒன்று கூடும். இதை அறியாமல் நான் ஒருமுறை பணத்தைக் கொட்டினேன். மழைக்காலம் முழுக்க என் மெஷின் இரண்டு நாளுக்கு ஒருமுறை உறைந்து நிற்கும். புது டிஸ்க் வாங்கிப் போட்டேன், அதுவும் உறைந்தது. கடைசியில் பார்த்தால் யாங்கோன் ஈரத்தில் சாட்டா கேபிளின் முனை கறுத்துப் போயிருந்தது. ஒரு தட்டு மொஹிங்கா விலைக்குக் கேபிள் மாற்றியதும் சரியாயிற்று. பழைய எண் அழியாது, மேலே ஏறாமல் நின்றால் போதும்.

சுழலாத டிஸ்க்கான எஸ்எஸ்டியில் இந்தப் பட்டியல் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். யூஎஸ்பி பெட்டிக்குள் போட்ட டிஸ்க்குகளில் சில எதையும் காட்டா. முடிந்தால் நேராகப் போர்டில் மாட்டிப் பாருங்கள்.

அக்கா மகன் வாசித்துச் சொன்னான்: 197-இல் நாற்பதுக்கு மேல். கறுப்பு ஸ்கிரீன் சொன்னபடி அவன் எஃப்-எஸ்-சி-கே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கட்டளை படித்துவிட்டு மட்டும் போகாது, எழுதித் திருத்தும். படிக்க முடியாத இடங்களை வைத்துக்கொண்டு திருத்தினால் ஃபைல்கள் பெயர் இழந்து 'லாஸ்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில் எண்களாகக் கிடக்கும், அல்லது அதுவும் இராது.

நான்காம் படி: சாகிற டிஸ்க் என்றால் நகல்

உங்கள் டிஸ்க் முழுதும் பிடிக்கக்கூடிய வெளி டிஸ்க் ஒன்று வேண்டும். 320 ஜிபி டிஸ்க்குக்கு 500 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். அது ஃபேட்32 வடிவில் இருக்கக் கூடாது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

டெர்மினலை (கட்டளை தட்டும் ஜன்னலை) திறந்து, சூடோ (எஸ்-யூ-டி-ஓ) ஆப்ட் (ஏ-பி-டி) இன்ஸ்டால் ஜி-டி-டி-ரெஸ்க்யூ, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. கெட்ட டிஸ்க்கை நகல் எடுக்கும் நிரல் இது. பேக்கேஜின் பெயருக்கு முன்னால் ஒரு ஜி உண்டு, ஓட்டும் கட்டளைக்கு இல்லை. இதில் தடுக்காதவர் இல்லை.

அடுத்து எல்-எஸ்-பி-எல்-கே. எந்த டிஸ்க்குக்கு என்ன பெயர், எவ்வளவு அளவு என்று இது காட்டும். அளவை வைத்து அடையாளம் காணுங்கள். கெட்ட டிஸ்க் எஸ்-டி-ஏ என்று வைத்துக்கொள்வோம். வெளி டிஸ்க்கின் ஃபோல்டரைத் திறந்து, வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து 'ஓபன் இன் டெர்மினல்' கொடுங்கள். அங்கே:

சூடோ, இடைவெளி, டி-டி-ரெஸ்க்யூ, இடைவெளி, சின்னக் கோடு டி, இடைவெளி, சின்னக் கோடு என், இடைவெளி, சாய்கோடு டெவ் சாய்கோடு எஸ்-டி-ஏ, இடைவெளி, படம் புள்ளி ஐ-எம்-ஜி, இடைவெளி, படம் புள்ளி மேப். 'படம்' என்ற இடத்தில் உங்களுக்குப் பிடித்த ஆங்கிலப் பெயர் வைக்கலாம்.

முதலில் வருவது எடுக்கும் இடம், பிறகு வருவது வைக்கும் இடம். எண்டர் தட்டும் முன் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள்.

கடைசியில் உள்ள அந்த மேப் ஃபைல்தான் நம் ஊருக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. எந்த இடம் வரை எடுத்தாயிற்று, எது கெட்ட இடம் என்று அதில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனால் கவலையில்லை. திரும்ப வந்ததும், பென்டிரைவில் எழும்பி, ஜி-டி-டி-ரெஸ்க்யூவை மறுபடி இன்ஸ்டால் செய்து (முன்பு ஏற்றியது கரண்டோடு போயிருக்கும்), அதே கட்டளையை அதே ஃபோல்டரில் கொடுத்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். இரண்டு எச்சரிக்கை. மேப் ஃபைல் வெளி டிஸ்க்கில் இருக்க வேண்டும், பென்டிரைவில் எழும்பிய டெஸ்க்டாப்பில் வைத்தால் கரண்டோடு அதுவும் போய்விடும். மறுபடி எழும்பும்போது எஸ்-டி-ஏ, எஸ்-டி-பி என்று பெயர்கள் இடம் மாறலாம், ஒவ்வொரு முறையும் எல்-எஸ்-பி-எல்-கே போட்டுப் பார்த்த பிறகே தொடருங்கள்.

சின்னக் கோடு என் என்பது 'கடினமான இடங்களோடு இப்போது மல்லுக்கட்டாதே' என்று சொல்வது. நல்ல பகுதி முழுதும் வந்த பிறகு, அந்த எனுக்குப் பதில் ஆர்3 என்று போட்டு மறுபடி ஓட்டினால் கெட்ட இடங்களை மூன்று முறை முயலும்.

பெகுவில் இது மூன்று ராத்திரி ஓடியது. எத்தனை முறை கரண்ட் போனது என்று அவன் எண்ணவில்லை.

நகல் கிடைத்ததும் 'டிஸ்க்ஸ்' செயலியின் மெனுவில் 'அட்டாச் டிஸ்க் இமேஜ்' கொடுத்து அந்த ஃபைலைக் காட்டுங்கள். 'ரீட்-ஒன்லி' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குழம்பிய ஃபைல் சிஸ்டம் திறக்க மறுக்கும். அதில் உள்ள பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) தொட்டு, பல்சக்கர மெனுவில் 'ரிப்பேர் ஃபைல் சிஸ்டம்'. இங்கே பழுது பார்க்கலாம், இது நகல்தானே. இடம் இருந்தால் நகலுக்கும் ஒரு நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

டிஸ்க் நலமாக இருந்தால்

மேலே சொன்ன முதல் மூன்று எண்களும் பூஜ்யம் என்றால் நாலாம் படியே வேண்டாம். பென்டிரைவில் எழும்பியபடியே அந்தப் பார்ட்டிஷனுக்கு அதே 'ரிப்பேர் ஃபைல் சிஸ்டம்' கொடுங்கள். ஐந்து பத்து நிமிஷ வேலை. திறந்திருக்கும் பார்ட்டிஷனில் மட்டும் செய்யக் கூடாது, திறந்திருந்தால் முதலில் 'அன்மவுண்ட்'.

விண்டோஸும் சேர்ந்து இருக்கிற மெஷினில் விண்டோஸ் பகுதி எழுத விடாமல் அடம்பிடித்தால் அது கெட்டுப்போனதாகாது. பெரும்பாலும் விண்டோஸ் முழுசாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். விண்டோஸுக்குள் போய் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை நிறுத்திவிட்டு அணையுங்கள்.

இப்போது டிரைவர்

புது டிஸ்க் வாங்கி, மின்ட்டைப் புதிதாக ஏற்றி, படங்களைத் திரும்ப வைத்தான். மறுநாள் காலை மறுபடி போன். "மாமா, எல்லாம் இருக்கு, வைஃபை மட்டும் இல்லை." கடை அண்ணன் சொன்னது நாலு நாள் தாமதமாகப் பலித்தது.

டெர்மினலில் எல்-எஸ்-பி-சி-ஐ, இடைவெளி, சின்னக் கோடு கே. நீண்ட பட்டியல் வரும். 'நெட்வொர்க்' என்ற சொல் உள்ள இடத்தைத் தேடுங்கள். அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருந்தால் டிரைவர் இருக்கிறது. அப்படியானால் ஆர்-எஃப்-கில் லிஸ்ட் என்று கொடுத்து, வைஃபை பட்டனை யாராவது அணைத்துவைத்திருக்கிறார்களா பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி நேரம் அதுதான். அந்த வரியே இல்லை என்றால் டிரைவர் இல்லை. பழைய லேப்டாப்களில் பிராட்காம் சிப் இருந்தால் இது வழக்கம்.

நெட் இல்லாமல் டிரைவர் இறக்குவது எப்படி? போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போன் செட்டிங்கில் 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். தனி டிரைவர் எதுவும் கேட்காமல் லினக்ஸ் அதை ஏற்றுக்கொள்ளும். பிறகு மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து, அது பரிந்துரைப்பதைத் தேர்ந்தெடுத்து, அணைத்துப் போடுங்கள். நடுவில் ஒரு பாஸ்வேர்ட் அமைக்கச் சொன்னால் தாளில் எழுதி வையுங்கள். அடுத்த முறை எழும்பும்போது நீல ஸ்கிரீன் ஒன்று வந்து 'என்ரோல்' என்று கேட்கும், அங்கே அதைத்தான் கொடுக்க வேண்டும். சும்மா எண்டர் தட்டித் தாண்டினால் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு அந்த டிரைவரை உள்ளே விடாது.

அப்டேட் செய்த பிறகு ஏதாவது வேலை செய்யாமல் போனால், எழும்பும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் அழுத்தி 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். என்விடியா கார்டால் ஸ்கிரீன் வெறுமனே இருட்டாக இருந்தால், அதே மெனுவில் ஈ தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டும் எழும்பும். உள்ளே போய்ச் சரியான டிரைவரை ஏற்றிக்கொள்ளலாம்.

அக்கா மகனின் வைஃபை மதியத்துக்குள் வந்துவிட்டது. பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடட்டுமா என்று கேட்டான். படங்கள் எல்லாம் திறக்கின்றனவா என்று மச்சான் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும் வரை வைத்திரு என்றேன். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.