கீசர் தின்னும் நிலக்கரியை அளப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டு மின்சாரத்தை அதிகம் விழுங்குவது கீசர்தான். அதற்கான நிலக்கரி எரிவது தொலைவில், ம்புமலங்கா மாகாணத்து மின்நிலையங்களில். புகை நம் கண்ணில் படாது என்பதால் மறந்துவிடுகிறோம்.

முதலில் அளந்துவிடுங்கள். எல்லோரும் குளித்த பிறகு மற்ற பிரேக்கர்களை அணைத்து, கீசரை மட்டும் போடுங்கள். ப்ரீபெய்ட் மீட்டரில் மிச்ச யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். சூடாகி நின்றதும் மறுபடி பாருங்கள். 150 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற சுமார் 7 யூனிட் ஆகும். இங்கே நிலக்கரி மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. நிலக்கரி அரை கிலோவுக்குச் சற்று மேல். ஆக, ஒரு தொட்டி வெந்நீருக்கு நாலு கிலோ நிலக்கரி! அம்மாவிடம் சொன்னேன், "விறகடுப்பே தேவலாம் போல" என்றார்.

சரி, குறைப்பது? மெயின் பிரேக்கரை அணைத்துவிட்டு (இதில் விளையாட்டு வேண்டாம்) தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்து பாருங்கள். எங்களுடையது 70இல் இருந்தது, 60க்கு இறக்கினேன். 55க்குக் கீழே போகாதீர்கள், கிருமி வளரும். அப்புறம் தொட்டிக்கு கீசர் போர்வை, வெந்நீர்க் குழாய்க்கு நுரை உறை.

சோலார் கீசர் போட வசதியிருந்தால் அதுவே மேல். ஆனால் தமிழ்நாட்டு வீடியோவைப் பார்த்துத் தெற்கு நோக்கி வைத்துவிடாதீர்கள். டர்பனில் வெயில் வடக்குப் பக்கம்.