உப்பு இருட்டாகத் தெரியும் வரை: பள்ளி மைக்ரோஸ்கோப்பில் ஃபுளூரசன்ஸ் பார்ப்பது எப்படி

கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு மாடியறை ஜன்னலில் மூன்று அடுக்குக் கறுப்புத் துணி தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேர் வருவார்கள். கதவைச் சாத்திவிட்டு முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்போம். கண் இருட்டுக்குப் பழக வேண்டும். ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறத்தில் ஒளிரும் பொருள்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் ஃபுளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பி. அதில் நான் சொல்லித்தரும் முதல் வேலை இந்த இருட்டுதான்.

பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடம் மைக்ரோஸ்கோப் கட்டும் வேலையில் இருந்தேன். லேசர், லென்ஸ், கண்ணாடி என்று ஒவ்வொன்றாக அதிராத மேசைமேல் பொருத்திக் கட்டுவது. அங்கே ஒருமுறை மூன்று வாரம் எல்லாப் படத்திலும் மெல்லிய வெண்மை படர்ந்துகொண்டே இருந்தது. லென்ஸை மாற்றினோம், லேசரைத் திரும்ப நேர்ப்படுத்தினோம், மாதிரியைப் புதிதாகச் செய்தோம். கடைசியில் பார்த்தால், மூலையில் இருந்த ஒரு பெட்டியின் பச்சை நிற இண்டிகேட்டர் விளக்கு. கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு ஒட்டியதும் படம் தெளிந்தது. இந்த வேலையில் பாதி உழைப்பு வெளிச்சத்தை உண்டாக்குவதில் இல்லை, இருட்டைக் காப்பதில்தான் இருக்கிறது என்று அன்று புரிந்தது. கீழே சொல்லும் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

சில பொருள்கள் நீல ஒளியை வாங்கிக்கொண்டு பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ திருப்பித் தரும். அதுதான் ஃபுளூரசன்ஸ். மலேரியா மருந்தான குயினைன் கரைசலில் இதை ஆராய்ந்து 1852-இல் எழுதியவர் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ். திரும்பி வரும் ஒளியின் அலைநீளம் அனுப்பியதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆனால் அளவு மிகவும் குறைவு, பல மாதிரிகளில் லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த ஒரு பங்கைப் பார்க்க வேண்டுமென்றால், நாம் அனுப்பிய மீதி அத்தனையையும் வழியிலேயே நிறுத்தியாக வேண்டும்.

சரி, கருவிக்கு வருவோம். பள்ளி, கல்லூரிகளில் இருக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப் போதும். நாலு மடங்கு, பத்து மடங்கு பெரிதாக்கும் 4எக்ஸ், 10எக்ஸ் லென்ஸ் இரண்டும் கீறல் இல்லாமல் இருக்கட்டும். 40எக்ஸை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது ஸ்லைடுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வந்து நிற்கும், பக்கவாட்டில் ஒளி நுழைய இடமே இருக்காது.

நீல எல்.இ.டி. ஒன்று வேண்டும். கடையில் ‘ராயல் புளூ’ என்று கேட்டால், 450 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கம் ஒளி தருவதை எடுத்துக் கொடுப்பார்கள். 1 வாட் போதும். அலுமினியத் தகட்டோடு ஒட்டியே வரும், கூடவே ஒளியைக் குவிக்கும் சின்ன அக்ரிலிக் லென்ஸும் கேட்டு வாங்குங்கள். நான் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். அதைப் பவர் பேங்கில் நேரடியாகக் கோர்த்தால் கருகிவிடும். 4.7 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இடையில் சாலிடர் வைத்துவிடுங்கள். 5 வோல்ட்டில் எல்.இ.டி. ஏறக்குறைய 3.3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி ரெசிஸ்டரில் விழும். கரண்ட் 350 மில்லி ஆம்பியர் பக்கம் நிற்கும். வெள்ளை எல்.இ.டி. முன்னால் நீலத் தாளை வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். நீலத் தாள்கள் பெரும்பாலும் சிவப்பைக் கசியவிடும், வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்பு ஏற்கெனவே இருக்கிறது. நாம் தேடுகிற நிறமே திருட்டுத்தனமாக உள்ளே வந்துவிடும்.

அடுத்தது, வேண்டாத நிறத்தைத் தடுத்து வேண்டியதை மட்டும் விடும் ஃபில்டர். ஆய்வுக்கூடத்து ஃபில்டர் கண்ணாடிகள் விலை அதிகம். எங்கள் பக்கம் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். மேடை விளக்குக்கு நிறம் மாற்ற ரேடியோ செட்காரர்கள் ஜெலட்டின் தாள் வைத்திருப்பார்கள். ஆரஞ்சில் ஒரு தாள், நீலத்தில் ஒரு தாள் கேட்டு வாங்கினேன். பொட்டலம் கட்டும் கலர் கண்ணாடிப் பேப்பர் இதற்கு ஆகாது, நீலத்தை ஓரளவுதான் தடுக்கும். நீலத் தாளில் ஒரு துண்டு எல்.இ.டி. முன்னால் போகட்டும். எல்.இ.டி.யின் ஒளி 450-ஓடு நின்றுவிடாது, பச்சை வரை ஒரு வால் நீளும். அந்த வாலை நறுக்கத்தான் இது. ஆரஞ்சுத் துண்டை, கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸுக்கு உள்ளேயோ அடியிலோ வையுங்கள். ஸ்லைடுக்குப் பக்கத்தில் வேண்டாம், நீலம் நேராகப் பட்டால் சில ஆரஞ்சுப் பிளாஸ்டிக்குகள் தாமே ஒளிரும்.

எத்தனை அடுக்கு என்று தெரிய, எவர்சில்வர் தட்டில் நீல ஒளியை அடித்து, அந்தப் புள்ளியை ஆரஞ்சுத் தாள் வழியாகப் பாருங்கள். புள்ளி தெரிந்தால் இன்னோர் அடுக்கு. எனக்கு இரண்டு ஆரஞ்சு, ஒரு நீலம் சரியாக வந்தது. எல்.இ.டி.யை நேருக்கு நேர் பார்க்கவே கூடாது, 450 நானோமீட்டர் நீலம் விழித்திரைக்குக் கெடுதல். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் புற ஊதா டார்ச் எடுக்கவும் எனக்குச் சம்மதமில்லை.

பெரிய கருவிகளில் டைக்ரோயிக் கண்ணாடி ஒன்று 45 டிகிரி சாய்ந்து நிற்கும். நீலத்தை லென்ஸ் வழியே கீழே திருப்பி அனுப்பி, திரும்பி வரும் பச்சையை மேலே விட்டுவிடும். நம்மிடம் அது இல்லை, அதனால் பக்கவாட்டில் சாய்வாக அடிக்கிறோம். ஸ்லைடிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, ஏறக்குறைய 45 டிகிரியில் எல்.இ.டி.யைக் கட்டுங்கள். சாய்வாக வரும் நேர்க்கதிர் லென்ஸுக்குள் ஏறாது. கீழே இருக்கும் விளக்கை அணைத்து, ஸ்லைடு வைக்கும் மேடையின் துளையைக் கறுப்பு வெல்வெட்டால் மூடுங்கள். நகைப்பெட்டிக்குள் ஒட்டியிருக்குமே, அந்தத் துணி. சாதாரணக் கறுப்புக் காகிதம் பளபளக்கும்.

இப்போது உப்பு. பொடித்த கல்லுப்பு நாலு துகளை ஸ்லைடில் போட்டு 4எக்ஸில் பாருங்கள். உப்பு ஒளிராது, ஆனால் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும். ஆரஞ்சு ஃபில்டர் வழியாக உப்பு மினுங்கினால் நீலம் கசிகிறது என்று அர்த்தம். முதல் வாரம் நான் இதைச் செய்யவில்லை. மஞ்சள்தூளைப் போட்டோம், ஜொலித்தது, முப்பது படம் எடுத்தோம். அடுத்த ஞாயிறு ஒரு பையன் தானாகவே உப்பை வைத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, உப்பும் ஃபுளூரசன்ஸாக்கா?” என்றான். உப்பும் ஜொலித்தது. முப்பது படத்தையும் அழித்துவிட்டு, ஃபில்டரில் ஓர் அடுக்கு கூட்டினோம். அன்றிலிருந்து எந்த மாதிரிக்கும் முன்னால் உப்பு. ஆய்வுக்கூடத்தில் சாயம் ஏற்றாத செல்லை முதலில் பார்ப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

உப்பு முழுக்க இருட்டாகத் தெரிந்த பிறகு மஞ்சள். தூளைத் தண்ணீரில் மட்டும் கரைத்துப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். மஞ்சளின் நிறமியான குர்குமின் தண்ணீரில் மங்கிக் கிடக்கும், தேங்காய் எண்ணெயிலோ ஸ்பிரிட்டிலோ பளிச்சென்று ஒளிரும். தண்ணீரில் ஒன்று, எண்ணெயில் ஒன்று என்று இரண்டு ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒரே பொருள், சுற்றியிருப்பது மாறினால் ஒளிர்வு மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பிடித்துக்கொள்வார்கள். அதைவிட அருமை பச்சை மஞ்சள் கிழங்கு. அரூர்ப் பக்கம் அறுவடைக் காலத்தில் கிடைக்கும். புது பிளேடால் ஊடுருவித் தெரியும் அளவுக்குச் சீவி, எண்ணெய்ச் சொட்டில் வைத்து 10எக்ஸில் பாருங்கள். எல்லாச் செல்லும் ஒளிராது. இருட்டுச் செல்கள் வரிசையாக நிற்க, நடுநடுவே ஒரு செல் மட்டும் விளக்கேற்றிய வீடுபோல நிற்கும். நிறமியையும் எண்ணெய்ப் பசையையும் சேர்த்துவைக்கும் செல்கள் அவை. சாதாரண வெளிச்சத்தில் மொத்தத் துண்டும் மஞ்சளாகத்தான் தெரியும், இந்தப் பிரிவு கண்ணில் படவே படாது.

வெங்காயத் தாளின் வெளித்தோலை மெல்லிசாக உரித்துத் தண்ணீரில் வையுங்கள். தோல் செல்கள் இருட்டு. இலைத்துளையைக் காக்கும் இரண்டிரண்டு செல்களில் மட்டும் பச்சையம் இருப்பதால் அவை ஆழ்ந்த சிவப்பில் தெரியும். 680 நானோமீட்டர் பக்கம் வரும் சிவப்பு, கண்ணுக்கு மங்கல்தான், அதனால்தான் அந்த ஐந்து நிமிட இருட்டு. இதைப் பார்த்த ஒரு சின்னப் பெண் “சாம்பலுக்குள்ள கங்கு மாதிரி இருக்குதுக்கா” என்றாள். அதற்குமேல் சரியாக யாரும் சொல்ல முடியாது.

படம் எடுக்க போனை ஐபீஸில் பொருத்தி, ப்ரோ மோடில் ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் 1 விநாடியில் தொடங்குங்கள். ஆட்டோவில் விட்டால் போன் இருட்டை வெளுப்பாக்கிவிடும். டைமர் வைத்து எடுங்கள், கை பட்டால் ஆடும். பார்க்காத நேரத்தில் எல்.இ.டி.யை அணையுங்கள், ஒளிபட ஒளிபட நிறமி வெளுத்துப்போகும்.

கிழங்குத் துண்டு தடிமனாக இருந்தால் படத்தில் பனிமூட்டம் போல ஒன்று படரும். மேலும் கீழும் ஃபோகஸில் இல்லாத செல்களின் ஒளியும் சேர்ந்து வருவதுதான் காரணம். நமக்கு வழி பிளேடுதான். ஆய்வாளர்கள் பல வருடம் முட்டி மோதியதும் இந்த மூட்டத்தோடுதான். 1957-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவியில் அமெரிக்க ஆய்வாளர் மின்ஸ்கி, ஒளியை உணரும் பாகத்துக்கு முன்னால் ஊசித்துளை ஒன்றை வைத்து, ஃபோகஸில் இல்லாத ஒளியை அதில் தடுத்தார். கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப் அப்படி வந்தது. 1990-இல் டெங்க், ஸ்டிரிக்லர், வெப் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இரண்டு போட்டான், அதாவது ஒளித்துகள், ஒரே நேரத்தில் பட்டால்தான் ஒளிரும்படி செய்தார்கள். குவியும் புள்ளிக்கு வெளியே எல்லாம் இருட்டு. நான் கட்டியது லைட் ஷீட் வகை. பக்கவாட்டிலிருந்து தாள்போல மெல்லிய ஒளி, பார்க்கும் அடுக்கு மட்டும் ஒளிரும். நம் சாய்வு எல்.இ.டி.யும் பக்கவாட்டு ஒளிதான், அடுக்கைப் பிரிக்கும் மெல்லிசு மட்டும் அதற்கு இல்லை.

இன்னொரு தடை, ஒளியின் இயல்பே போடுவது. 1873-இல் ஜெர்மன் இயற்பியலாளர் அபே சொன்ன கணக்குப்படி, நம் 10எக்ஸ் லென்ஸில் பச்சை ஒளிக்கு ஏறக்குறைய 1 மைக்ரான்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் எல்லை. அதைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். மிக நல்ல லென்ஸிலும் 0.2 மைக்ரானில் நின்றுவிடும். இந்த எல்லையைத் தாண்ட ஸ்டெஃபான் ஹெல் என்ற ஆய்வாளர், ஒளிரும் புள்ளியின் ஓரத்தை இன்னொரு லேசரால் அணைத்து நடுவை மட்டும் விட்டார். எரிக் பெட்சிக் என்ற இன்னோர் ஆய்வாளர் எல்லா மூலக்கூறையும் இருட்டில் வைத்து, ஒரு நேரத்தில் சிலவற்றை மட்டும் மினுக்கி, ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்துக்கொண்டார். அந்தக் கருவியின் முதல் வடிவத்தை அவரும் சக ஆய்வாளர் ஹரால்ட் ஹெஸ்ஸும் ஹெஸ்ஸின் வீட்டுக் கூடத்தில்தான் கட்டினார்கள். 2014 வேதியியல் நோபல் பரிசு ஹெல், பெட்சிக், இதே துறையின் இன்னோர் ஆய்வாளர் மோர்னர் மூவருக்கும் கிடைத்தது. வீட்டில் இதெல்லாம் நடக்குமா என்று பெற்றோர் கேட்டால் இந்தக் கூடத்தைச் சொல்லுங்கள்.

இந்த நீல எல்.இ.டி. விளையாட்டுச் சாமான் அல்ல. சளியில் காசநோய்க் கிருமியைத் தேட ஆரமின் என்ற ஒளிரும் சாயம் போட்டு, இதே போன்ற நீல எல்.இ.டி. மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் பரிந்துரைத்த முறை. கறுப்பில் மஞ்சள் கோடாகக் கிருமி தெரிவதால் குறைந்த உருப்பெருக்கத்திலேயே ஸ்லைடை வேகமாகத் துழாவ முடியும். ஆனால் சளி, இரத்தம் எதையும் வீட்டில் தொடாதீர்கள். அது பயிற்சி பெற்றவர்கள் பாதுகாப்போடு செய்யும் வேலை. சாயங்களிலும் அக்ரிடின் ஆரஞ்சு போன்றவை டி.என்.ஏ.வில் போய் ஒட்டுபவை, பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. மஞ்சளும் இலையும் மட்டுமே ஒரு வருடத்துக்குக் காணும்.

நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் தேதி, லென்ஸ், தாள் அடுக்கு, ஷட்டர், உப்புப் படத்தின் எண் எழுதிவையுங்கள். முடிந்ததும் எண்ணெய் பட்ட லென்ஸை லென்ஸ் பேப்பரால் மெதுவாகத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் மூடுங்கள். ஐப்பசி மழையில் கண்ணாடியில் பூஞ்சை பிடித்தால் அது வலைபோலப் படர்ந்து ஒளியைச் சிதறடிக்கும், அப்புறம் எத்தனை அடுக்கு ஃபில்டர் போட்டாலும் உப்பு மினுங்கிக்கொண்டுதான் இருக்கும்.