துணியும் பாத்திரமும் விற்கும் கடைக்குள் காய்கறி: குமரி மாவட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை பக்கம் துணி, பாத்திரம், செருப்பு, பிளாஸ்டிக் சாமான் என்று எல்லாவற்றையும் தள்ளுபடி விலையில் ஒரே கட்டடத்தில் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு யோசனை வருவது இயல்பு: கீழ்த்தளத்தில் காய்கறியும் பழமும் வைத்தால் என்ன? யோசனையில் தப்பில்லை. துணி எடுக்க ஒரு குடும்பம் ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும்தான் வரும். காய்கறிக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை வந்தே ஆக வேண்டும். வந்தவர் போகிற போக்கில் ஒரு வாளியோ துண்டோ எடுத்துப் போவார்.

அமெரிக்காவில் இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. பொதுச் சாமான்களை மலிவாக விற்று வளர்ந்த வால்மார்ட், 1988-இல் மிசௌரி மாநிலத்தின் வாஷிங்டன் என்ற சிற்றூரில் முழு மளிகையும் சேர்ந்த முதல் சூப்பர்சென்டரைத் திறந்தது. அதேபோல மலிவு விலைக் கடைத்தொடரான கேமார்ட்டும் 1991-இல் அதே வழியில் இறங்கியது. 2002-இல் திவால் மனு கொடுத்தது. கேமார்ட் விழுந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. சரக்கு வரத்தையும் இருப்பையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதது அவற்றில் முக்கியமானது. துணி ரேக் ஒரு வாரம் காலியாகக் கிடந்தால் வாடிக்கையாளர் மன்னிப்பார். வாடின கீரையை ஒரே ஒருநாள் பார்த்தாலும் அடுத்த முறை வடசேரிச் சந்தைக்குத்தான் வண்டியைத் திருப்புவார்.

வாங்கும் ஆள் இல்லாமல் தொடங்குவது

எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான். கண்ணாடிக் கதவு வைத்த குளிர் ரேக்குக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பார்கள். விடியுமுன் நாகர்கோவில் அப்டா மொத்த மார்க்கெட்டுக்குப் போய் மூட்டையை அவிழ்த்துப் பார்த்து வாங்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத் தயங்குவார்கள். துணிக்கொள்முதல் பார்த்தவரிடமே காய்கறியையும் ஒப்படைத்துவிடுவார்கள். அவர் போனில் ஆர்டர் சொல்வார். மொத்த வியாபாரி மற்றக் கடைகள் ஒதுக்கின சரக்கை ஏற்றி அனுப்புவார். அதற்காக வியாபாரியைக் குறை சொல்லி என்ன பயன்? பார்த்து வாங்காதவருக்கு நல்ல சரக்கை எடுத்துவைக்க அவருக்கு எந்த அவசியமும் இல்லை.

மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் கிழங்கு வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "இது வேகுமா?" விளைந்த மண், ரகம், பிடுங்கிய பருவம் தெரிந்தவரால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். பிடுங்கிய இரண்டு மூன்று நாளிலேயே கிழங்குக்குள் நீலமும் கறுப்புமாகக் கோடுகள் ஓடத் தொடங்கும். வெளியே தோல் நன்றாகவே இருக்கும். முறிந்த நுனியிலும் சிராய்த்த இடத்திலும் காற்றுப் பட்டுத்தான் அது ஆரம்பிக்கிறது. அதனால் அனுபவப்பட்ட ஆள் காம்பு கொஞ்சம் விட்டு வெட்டிய கிழங்காகப் பார்த்து எடுப்பார். ஒன்றை முறித்துப் பார்ப்பார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் விலை பேசுவார். கடைக்கு வந்தபின் அதைத் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று அடுக்கினால் தோல் உரிந்து இன்னும் சீக்கிரம் கெடும். மண்ணோடு, நிழலில் இருக்கட்டும். அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். வாடிக்கையாளர் ஒரு நுனியை முறித்துப் பார்த்தால் தடுக்கவும் வேண்டாம்.

சென்னைக் கடையின் பட்டியலை அப்படியே கொண்டுவந்து வைப்பதும் இதே தவறின் இன்னொரு முகம். புரோக்கோலியும் ஐஸ்பெர்க் லெட்டூஸும் வாடிக் கிடக்கும். பக்கத்தில் சேம்பு இருக்காது, தடியங்காய் இருக்காது, அவியலுக்கு வேண்டிய ஏத்தங்காயும் பயறும் இருக்காது. பழத்தில் மட்டி, செந்துளுவன், ஏத்தன், ரசகதலி, பாளையங்கோட்டான் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்கள் உண்டு. மட்டி 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின பழம். குழந்தைக்குக் கொடுக்க அதையே தேடி வருவார்கள். குமரிக் கடையில் இவை இல்லாமல் வெறும் பச்சைப்பழம் மட்டும் தொங்கினால், கடைக்காரர் வெளியூர்க்காரர் என்று வாடிக்கையாளர் முடிவுகட்டிவிடுவார். மட்டிக்காகவும் கிழங்குக்காகவும் குலசேகரம், திருவட்டாறு பக்கத்து விவசாயிகளிடம் நேரடியாகவே பேசலாம். ஆனால் பணத்தைக் கையோடு கொடுக்க வேண்டும். துணி மில்லுக்கு மாதக்கணக்கில் தவணை சொல்லிப் பழகியவர்கள் விவசாயியிடமும் அதையே சொன்னால், நல்ல குலை இரண்டாவது முறை வராது. அவர் தன் ஆட்களுக்குக் கூலியைச் சாயங்காலமே கொடுத்தாக வேண்டும்.

குளிரில் வைத்தால் எல்லாம் நிற்கும் என்று நம்புவது

வாழைப்பழத்தைச் சுமார் 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுக்கும், சரியாகப் பழுக்கவும் செய்யாது. பச்சை மாங்காயும் அப்படித்தான். தக்காளியைக் கடும் குளிரில் வைத்தால் ருசி போய் மெத்தென்று ஆகிவிடும். கீரை, காரட், பீன்ஸ், முட்டைக்கோசுக்குத்தான் குளிர் உதவும். வெங்காயத்துக்கும் உருளைக்கும் ரேக்கே வேண்டாம். காற்றோட்டமான, வெயில் படாத இடம் போதும், அதுவும் தனித்தனியாக. பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் கீரையோ வெள்ளரியோ இருந்தால் சீக்கிரமே மஞ்சளாகும். வாழைக்குலைக்குக் கீழே கீரைக்கட்டை அடுக்குவது பார்க்க அழகு, கீரைக்குக் கேடு.

துணிக்கடைகளுக்கே உரிய ஒரு பழக்கம் உண்டு: ராத்திரி ஷட்டரை இறக்கும்போது மெயினையும் அணைத்துவிட்டுப் போவது. மின்கட்டணம் மிச்சம் என்று பல வருடம் பழகின கை அது. காய்கறி, பால், தயிர் வந்த பிறகு அது நடக்கக் கூடாது. குளிர் ரேக்குக்கு முதல் நாளிலேயே தனி லைனும் தனி சுவிட்சும் போட்டு, அதன்மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. காற்றடித்து மின்சாரம் போகும் நாட்கள் வருடத்தில் பல. ஜெனரேட்டர் டீசல் செலவைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் பார்ப்பது வீண்.

விலையில் செய்யும் தவறுகள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிலோ 30 ரூபாய்க்கு 100 கிலோ வாங்கினால் 3,000 ரூபாய். 20 சதவீதம் வைத்து 36 ரூபாய்க்கு விற்கிறீர்கள். வாடினது, அழுகினது, எடை வற்றினது என்று 15 கிலோ கழிந்துவிட்டால் மிச்சம் 85 கிலோ. வரவு 3,060 ரூபாய். அறுபது ரூபாய்க்காக ஏற்றுக்கூலி, ஆள் சம்பளம், மின்சாரம் எல்லாம். பாத்திரத்தில் 20 சதவீதம் என்றால் அது 20 சதவீதம்தான், குடத்துக்கு வாட்டமில்லை. காய்கறியில் கழிவைக் கழித்த பிறகுதான் சதவீதமே பேச வேண்டும். அதனால் தினமும் கழித்துப் போடுவதை எடைபோட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தக் காய், எவ்வளவு, எதனால் என்று மூன்று கட்டம் போதும். எந்தச் சரக்கைக் குறைத்து வாங்க வேண்டும் என்று ஒரு மாதத்தில் அதுவே சொல்லிவிடும்.

அடுத்தது ஆஃபர். கூட்டம் சேர்க்கத் தக்காளியை வாங்கின விலைக்கும் கீழே விற்பது சுலபமான வழிபோலத் தெரியும். ஆனால் முதலில் வந்து பெட்டி பெட்டியாக அள்ளிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டல்காரர்களாகவும் சில்லறைக் கடைக்காரர்களாகவும் இருப்பார்கள். பத்து மணிக்கு வரும் வீட்டுப் பெண்களுக்குக் காலிக் கூடைதான் மிஞ்சும், அவர்கள் கோபத்தோடு திரும்புவார்கள். ஆளுக்கு இரண்டு கிலோ என்று வரம்பு வையுங்கள். வடசேரி உழவர் சந்தையின் அன்றைய விலையைக் காலையிலேயே பார்த்துவிட்டு உங்கள் விலைப்பலகையை எழுதுங்கள். அதைவிட ரொம்ப ஏறினால் ஜனங்களுக்கு உடனே தெரிந்துவிடும். தள்ளுபடியின் உண்மையான இடம் சாயங்காலம்: ஆறு மணிக்கு மேல் கீரையையும் கனிந்த பழத்தையும் பாதி விலைக்குக் கொடுத்துத் தீர்ப்பது. நேற்றைய சரக்கை இன்றைய சரக்கோடு கலந்து மேலே புதியதை அடுக்கி விற்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஏமாந்தவர் ஊரெல்லாம் சொல்வார், சொல்லவும் வேண்டும்.

பில் போடும் இடத்தில் இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஜாக்கெட் துணிக்குப் பார்கோடு இருக்கிறது, வாழைப்பழத்துக்கு இல்லை. பில் போடும் பிள்ளைக்கு மட்டிக்கும் கதலிக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் கைக்கு வந்த குறியீட்டு எண்ணைத் தட்டிவிடுவார். ஒருநாள் கடைக்கு நஷ்டம், மறுநாள் வாங்கினவருக்கு நஷ்டம். காய்கறிப் பகுதியிலேயே ஒரு ஆளை நிறுத்தி, எடைபோட்டு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தால் தவறும் குறையும், துணி வாங்க வந்தவர்கள் கால்கடுக்க வரிசையில் நிற்கவும் வேண்டாம்.

சட்டம், வரி: சுருக்கமாக

உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் காய்கறி, பழம், மீன் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை வைத்திருக்க வேண்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தை விற்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. "எனக்குத் தெரியாது, மொத்தக்கடையில் வாங்கினேன்" என்ற பதில் உதவாது, பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் காய்கறியைத் துணிப்பையில் கொடுங்கள். துணிக்கடைக்கு அது பெரிய காரியமில்லை.

பலர் கவனிக்காத விஷயம் ஜிஎஸ்டி. பச்சைக் காய்கறிக்கும் பழத்துக்கும் வரி கிடையாது. அதனாலேயே அந்தப் பகுதிக்கென்று மட்டும் வாங்கின ரேக்குக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்க முடியாது. கடைக்குப் பொதுவான செலவுகளிலும் வரியில்லாத விற்பனையின் பங்குக்கு ஏற்ப, எடுத்த வரவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு முன்பே ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மீன்

மீனும் வைக்கலாமே என்று கட்டாயம் கேட்பார்கள். காய்கறி ஒரு வருடம் நஷ்டமில்லாமல் ஓடின பிறகு யோசியுங்கள் என்பதுதான் என் கருத்து. துணி இருக்கும் கட்டடத்தில் மீன் என்றால் தனி வாசல், தனி வடிகால், தனிக் காற்றோட்டம் வேண்டும். மீன்வாடை ஏறின சேலையை யாரும் எடுக்க மாட்டார்கள்.

வரத்தும் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் நம் மாவட்டத்தில் இரண்டு: சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் சேரும் ஜூன் முதல் பாதியில் வள்ளத்துக்காரர்கள் கொண்டுவருவதுதான் ஊர் மீன். அந்த நேரத்தில் வெளியூர் மீனை ஐஸில் வைத்து "குளச்சல் மீன்" என்று பலகை மாட்டினால், சாளையின் கண்ணையும் செவுளையும் பார்த்தே வளர்ந்த ஊர் இது, நொடியில் கண்டுபிடித்துவிடும். வெளியூர் மீன் என்றே எழுதுங்கள், வாங்குகிறவர் வாங்குவார்.

தெருத்தெருவாக மீன் விற்கும் அம்மாமார் இத்தனை வருடம் நிலைத்ததற்குக் காரணம், எந்தக் கரையில் எப்போது பட்ட மீன் என்று கேட்டவருக்குச் சொல்வதும், தெரிந்த வீட்டுக்கு நல்லதை ஒதுக்கிவைப்பதும். அவர்களோடு விலையில் போட்டி போட நினைக்காதீர்கள். முடிந்தால் அவர்களில் அனுபவமுள்ள ஒருவரை நல்ல சம்பளத்துக்கு வேலைக்கு அழையுங்கள்; கரையில் ஏலம் எடுப்பதையும் அவரிடமே விடுங்கள். நெய்மீன் துண்டு போடவும் நெத்தோலி நுள்ளிக் கொடுக்கவும் கூட ஒரு ஆள் வேண்டும். மீனுக்கு மேலேயும் கீழேயும் ஐஸ் தூள் இருக்க வேண்டும், உருகின தண்ணீர் வடிந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கி மீன் அதில் மிதந்தால் அன்றைக்கு அந்தத் தட்டை மூடிவிடுங்கள்.