எஸ்யூவியின் உயரத்தையும் ஃபோர் வீல் டிரைவையும் பாதுகாப்பாகக் கையாள்வது: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஏர் சஸ்பென்ஷனும் ஃபோர் வீல் டிரைவும் உள்ள எஸ்யூவியை வாங்கியவர்களில் பலர் அந்தப் பொத்தான்களைத் தொடுவதே இல்லை. தொடுபவர்களிலும் பெரும்பாலோர் சக்கரம் சேற்றில் புதைந்த பிறகுதான் தேடித் தொடுகிறார்கள். இந்த இரண்டாவது பழக்கம் ஆபத்தானது. வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும், எத்தனை சக்கரங்கள் இழுக்க வேண்டும் என்பதைத் தடைக்கு முன்னாலேயே, வண்டியை நிறுத்தி வைத்து முடிவு செய்ய வேண்டும். தடை முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த ஒரு பழக்கத்தை வளர்ப்பதற்காகத்தான்.

எடுத்துக்காட்டாக லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 வண்டியை எடுத்துக்கொள்கிறேன். உயரத்தை மாற்றும் ஏர் சஸ்பென்ஷன், எப்போதும் நான்கு சக்கரங்களும் இழுக்கும் அமைப்பு, லோ ரேஞ்ச் எனப்படும் மெதுவான, பலமான கியர் ஆகிய மூன்றும் அதில் ஒன்றாகக் கிடைக்கின்றன. உங்களிடம் மஹிந்திரா தாரோ மாருதி ஜிம்னியோ இருந்தால் உயரம் பற்றிய பகுதியைத் தாண்டிச் செல்லலாம். மற்றவை அனைத்தும் உங்களுக்கும் பொருந்தும்.

முதல் படி: உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

தார், ஜிம்னி, டொயோட்டா ஃபார்ச்சூனர் ஆகியவற்றின் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் பகுதிநேர வகையைச் சேர்ந்தவை. 2எச் நிலையில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். 4எச் நிலையில் முன் அச்சும் பின் அச்சும் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். 4எல் என்பது அதே பிணைப்புடன் கூடிய லோ ரேஞ்ச், அதாவது மெதுவான, பலமான கியர்.

வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீளமான பாதையில் உருள்கின்றன. அச்சுகள் பிணைக்கப்பட்டிருந்தால் அந்த வேறுபாட்டை ஏதாவது ஒரு டயர் சறுக்கித்தான் ஈடுசெய்ய வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் டயர் எளிதாகச் சறுக்கிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் அது சறுக்காது. முறுக்கம் முழுவதும் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் சேர்கிறது. ஸ்டியரிங் கனக்கும், வண்டி விக்கி விக்கி நகரும், என்ஜினின் விசையை இரண்டு அச்சுகளுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நாளடைவில் பழுதாகும். ஆகவே பகுதிநேர வகை வண்டியைக் காய்ந்த சாலையில் 4எச், 4எல் நிலைகளில் ஓட்டவே கூடாது.

டிஃபெண்டரில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பு நடுவே இருப்பதால் எந்தச் சாலையிலும் நான்கு சக்கரங்களும் இழுக்கலாம். தேவைப்பட்டால் மட்டும் அது பூட்டிக்கொள்ளும். மூன்றாவது வகை, ஜீப் காம்பஸ், ஹூண்டாய் டூசான் போன்றவற்றில் உள்ளது. தேவைப்படும்போது மட்டும் கிளட்ச் ஒன்று மற்ற அச்சுக்கும் விசையை அனுப்பும். மழைச் சாலைக்கும் சரளைப் பாதைக்கும் இது நன்றாக உதவும். ஆழமான மணலில் நெடுநேரம் உழன்றால் அந்த கிளட்ச் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள விலகிவிடலாம்.

எந்த வகையாக இருந்தாலும் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பவும் முன்னே இழுக்கவும் உதவுகிறது, நிறுத்த உதவுவதில்லை. எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களையும்தான் பிடிக்கிறது. ஈரச்சாலையில் சட்டென்று வேகமெடுக்கிறதே என்ற நம்பிக்கையில் முன்னால் போகும் வண்டியை ஒட்டி ஓட்டினால், வண்டியின் முழு எடையோடு போய் மோத நேரிடும்.

இரண்டாம் படி: உயரம் என்ன தருகிறது, என்ன பறிக்கிறது

ஏர் சஸ்பென்ஷனில் இரும்புச் சுருளுக்குப் பதில் ரப்பர் காற்றுப் பைகள் இருக்கின்றன. ஒரு கம்ப்ரஸர் காற்றை அடைக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள சென்சார் உயரத்தை அளக்கிறது. டிஃபெண்டர் 110 ஆஃப்ரோடு உயரத்தில் வழக்கத்தைவிட 75 மி.மீ. உயர்கிறது, அப்போது அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 291 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது. ஏறி இறங்க வசதியாக 50 மி.மீ. தாழவும் செய்யும். அடிப்பகுதி பாறையில் அமர்ந்துவிட்டதாக உணர்ந்தால் இன்னும் கொஞ்சம் தானாகவே உயர்ந்துகொள்ளும்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை மூன்று.

முதலாவது, எடையின் மையமும் சேர்ந்து மேலே போகிறது. வளைவில் வண்டி அதிகம் சாயும், கவிழும் எல்லை நெருங்கி வரும். கூரையில் டயரும் பெட்டிகளும் ஏற்றியிருந்தால் இன்னும் மோசம். இரண்டாவது, பை ஏற்கெனவே உப்பியிருப்பதால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்குவதற்கான இடம் குறைகிறது. வண்டி விறைப்பாகத் துள்ளும். துள்ளும் டயருக்குப் பிடிப்பு இல்லை. மூன்றாவது, சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டுகள் அதிகக் கோணத்தில் மடிந்து சுழல்கின்றன. இவற்றால்தான் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் வண்டி தானாகவே தாழ்ந்துவிடுகிறது. அந்த வேகம் உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார்த்து மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை ஒலித்த பிறகும் வேகத்தைக் குறைக்காமல் போனால், பாறைகளுக்கு நடுவே உங்களுக்கே தெரியாமல் வண்டி தாழ்ந்திருக்கும்.

உயர்த்தும் முறை இதுதான். சமதளத்தில் நிறுத்துங்கள். என்ஜின் ஓடட்டும். கதவுகள் அனைத்தும் மூடியிருக்கட்டும்; திறந்திருந்தால் பல வண்டிகளில் உயரம் மாறாது. தலைக்கு மேல் கிளையோ கூரையோ தாழ்ந்த வளைவோ இருக்கிறதா என்று பாருங்கள். டிஃபெண்டர் 110 சாதாரண நிலையிலேயே ஏறத்தாழ 1.97 மீட்டர் உயரம். கூரைச் சட்டமும் பொருத்தி, உயர்த்திய நிலையை மறந்து அடித்தள வாகன நிறுத்தத்துக்குள் நுழைந்தால் கூரை இடித்துவிடும். பொத்தானை அழுத்திய பிறகு விளக்கு சிமிட்டுவது நின்று நிலையாக எரியும் வரை காத்திருங்கள். விளையாட்டாக ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்காதீர்கள். கம்ப்ரஸர் சூடேறினால் ஆறும் வரை வேலை செய்ய மறுக்கும், உண்மையாகத் தேவைப்படும் நேரத்தில் உங்களைக் கைவிட்டுவிடும்.

மூன்றாம் படி: இறங்கி நடந்து பாருங்கள்

தார்ச்சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். போகப்போகும் பாதையில் கடினமான பகுதியைக் கால்நடையாகப் பாருங்கள். எந்தச் சக்கரம் எந்தக் கல்லின் மேல் ஏற வேண்டும், எங்கே திரும்ப முடியும், முடியாவிட்டால் எந்த வழியாகப் பின்வாங்குவது என்று தீர்மானித்த பிறகு வண்டிக்கு வாருங்கள். உடன் வருபவர்களில் ஒருவரை வெளியே நின்று வழிகாட்டச் சொல்லலாம். அவர் வண்டிக்கு நேர் முன்னாலோ சரிவின் கீழ்ப்பக்கத்திலோ நிற்கக் கூடாது.

பிறகு வரிசையாக: உயரம், லோ ரேஞ்ச், நிலத்துக்கேற்ற ஓட்டும் முறை. லேண்ட் ரோவர் 2004-இல் டிஸ்கவரி 3 வண்டியில் அறிமுகப்படுத்திய டெரெய்ன் ரெஸ்பான்ஸ் என்ற வசதி, புல், சேறு, மணல், பாறை எனத் தேர்வு செய்ததும் ஆக்சிலரேட்டருக்கு என்ஜின் பதில் தரும் வேகத்தையும் டிஃபரென்ஷியல் பூட்டையும் பிரேக்கின் தலையீட்டையும் ஒருசேர மாற்றுகிறது. சீட் பெல்ட்டைக் கட்டாயம் போடுங்கள், நகரும் வேகம் ஐந்து கிலோமீட்டராக இருந்தாலும். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரல்களை வளையத்தின் உட்புறம் செருகாமல் மேலே வையுங்கள். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் வெடுக்கென்று சுழலக்கூடும்.

நான்காம் படி: லோ ரேஞ்ச்

டிஃபெண்டரின் லோ ரேஞ்ச் விகிதம் 2.93. சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை ஏறத்தாழ மூன்று மடங்காகும், வேகம் மூன்றில் ஒரு பங்காகும். செங்குத்தான ஏற்றம், இறக்கம், பாறை, ஆழமான சேறு, தண்ணீர் ஆகியவற்றுக்கு இதுவே சரியான கியர்.

மாற்றும்போது வண்டியை முழுவதும் நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். லோ ரேஞ்சைத் தேர்ந்தெடுத்து, விளக்கு நிலையாக எரியும் வரை காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காதீர்கள். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் பற்கள் பொருந்தவில்லை என்று பொருள். சிறிது தூரம் நகர்த்திவிட்டு மீண்டும் முயலுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நடுவில் நியூட்ரலில் இருக்கும்போது நான்கு சக்கரங்களும் என்ஜினிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கும். கியரோ, ஆட்டோமேட்டிக் வண்டியில் பார்க் நிலையோ அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்தாது. சரிவில் நின்றபடி ஹை ரேஞ்ச், லோ ரேஞ்ச் மாற்றாதீர்கள், ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஏற்றம், இறக்கம், பக்கச்சரிவு

மேட்டில் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள். ஏறும் வழியில் வண்டி நின்றுவிட்டால் திருப்ப முயல்வதுதான் புதியவர்கள் செய்யும் மிகக் கொடிய தவறு. குறுக்காகத் திரும்பிய கணத்தில் வண்டி உருளத் தயாராகிவிடும். பிரேக்கை அழுத்தி நிறுத்துங்கள், என்ஜினை ஓடவிடுங்கள், ரிவர்ஸ் கியரைப் போடுங்கள், ஸ்டியரிங் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், பிரேக்கை மெல்ல விட்டு, வந்த தடத்திலேயே பின்னால் இறங்குங்கள். நியூட்ரலிலோ கிளட்சை மிதித்தபடியோ இறங்கவே கூடாது. சிறிய மேட்டில் இதை முன்கூட்டியே பலமுறை பழகிவிடுங்கள். உண்மையில் நடக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

இறக்கத்தில் லோ ரேஞ்சும் முதல் கியரும் போட்டு, இறங்கும் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் கன்ட்ரோலை இயக்கிவிட்டு, பெடல்களிலிருந்து கால்களை எடுத்துவிடுங்கள். பிரேக்கை அது ஒவ்வொரு சக்கரத்திலும் தனித்தனியாகப் பிடித்து விடும். கடகடவென்று ஒலி வரும். பழுது என்று பயப்பட வேண்டாம்.

பக்கச்சரிவில் போவதை முடிந்தவரை தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால், பாறை இல்லாத இடத்தில் உயரத்தைச் சாதாரண நிலைக்கு இறக்கிவிட்டுப் போவது நல்லது. வண்டி கீழ்நோக்கி வழுக்கினால் ஸ்டியரிங்கையும் கீழ்நோக்கியே திருப்புங்கள். மேல்நோக்கித் திருப்பத்தான் கை போகும், அது கவிழ்த்துவிடும்.

ஆறாம் படி: தண்ணீர்

இதில் நான் மிகவும் கண்டிப்பானவன். டிஃபெண்டர் 900 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் போகும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். உறுதியான அடித்தளமும் அசையாத தண்ணீரும் இருந்தால்தான் அந்த அளவு பொருந்தும். வேகமாகப் பாயும் தண்ணீர் 60 செ.மீ. ஆழம் இருந்தாலே எஸ்யூவியை அடித்துக்கொண்டு போக முடியும். உயரமான, காற்றுப்புகாத வண்டி மிதக்கத் தொடங்கினால் சக்கரம் எத்தனை இழுத்தாலும் பயனில்லை. வடகிழக்குப் பருவமழையில் தரைப்பாலத்துக்கு மேல் வெள்ளம் புரண்டு ஓடினால் திரும்பிப் போங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு லாரி கடந்து வந்துவிட்டது என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் எடை வேறு. தண்ணீருக்கடியில் பாலத்தின் ஓரம் அரித்துப் போயிருப்பதும் உங்களுக்குத் தெரியாது.

தேங்கிய தண்ணீராக இருந்தால் கம்பு ஒன்றை ஊன்றி ஆழம் பாருங்கள். சூடான வண்டியைச் சில நிமிடங்கள் ஆறவிடுங்கள். உயரத்தைக் கூட்டி, லோ ரேஞ்சில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, நடக்கும் வேகத்தில் நிற்காமல் போங்கள். நடுவில் என்ஜின் நின்றால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்துங்கள்.

மணல், மீட்பு

மணலில் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் டயர் அகலமாகப் படர்ந்து மிதந்து போகும். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள், டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். டயரில் மீண்டும் காற்றடிக்கத் தனியாக ஒரு கம்ப்ரஸர் கையில் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். புதைந்த வண்டியை இழுக்கும்போது டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிற்றைக் கட்டாதீர்கள். முறிந்தால் அது குண்டுபோல் பறக்கும். அப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. மீட்புக்கென்று வண்டியில் உள்ள வளையங்களை மட்டும் பயன்படுத்தி, மற்றவர்களைக் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தொலைவில் நிறுத்துங்கள்.

ஏழாம் படி: தார்ச்சாலைக்குத் திரும்பும்போது

சாலை ஏறும் முன் நிறுத்துங்கள். லோ ரேஞ்சிலிருந்து ஹை ரேஞ்ச். பகுதிநேர வண்டியானால் 2எச். ஓட்டும் முறை பொதுநிலைக்கு. உயரம் சாதாரண நிலைக்கு. ஹில் டிசென்ட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரில் காற்றை நிரப்புங்கள். காற்றுக் குறைந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறி வெடிக்கும். சக்கரத்தின் உட்புறத்தில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும்.

நின்ற வண்டியும் நகரும்

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, என்ஜினை அணைத்த பிறகும் தன்னைச் சமன் செய்துகொள்ள அவ்வப்போது தாழும். குழந்தைகளோ நாயோ அடியில் படுத்திருக்கக் கூடாது. பம்பருக்குக் கீழே கல்லோ உயரமான நடைபாதை விளிம்போ இருக்கும்படி நிறுத்தாதீர்கள். டயர் மாற்ற வேண்டுமானால், உயர மாற்றத்தை முடக்கும் ஜாக் முறை உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்து, அதை இயக்கிய பிறகே ஜாக்கை வையுங்கள். காற்றுப் பையை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

பயணம் முடிந்த மறுநாள் காலை, என்ஜினைக் கிளப்புவதற்கு முன் ஒரு அளவு நாடாவை எடுத்து, நான்கு சக்கரங்களின் மையத்திலிருந்து மேலே உள்ள வளைவு வரை அளந்து எழுதிவையுங்கள். ஏதாவது ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் பையிலோ குழாயிலோ கசிவு இருக்கலாம். அந்தக் கசிவை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடித் தேய்ந்துபோகும் முன், வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோங்கள்.