வானுக்குள் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியைத் தெரிவு செய்வது எப்படி?

பழைய டொயோட்டா ஹையேஸ் வான் ஒன்றை நெடும்பயணத்துக்கு ஏற்ற வீடாக மாற்ற விரும்புகிறவர்கள், பெரும்பாலும் கட்டிலையும் அலுமாரியையும் முதலில் முடிவு செய்துவிட்டு, மிஞ்சிய மூலையில் எந்தக் குளிர்சாதனப் பெட்டி அடங்கும் என்று கடைசியில் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே எனது உறுதியான கருத்து. அத்தகைய வானில் இரவும் பகலும் மின்சாரம் கேட்கும் பெரிய சாதனம் இது ஒன்றுதான். பற்றரி எவ்வளவு, சோலார் பனல் எவ்வளவு, வயர் எத்தனை தடிப்பு என்பன எல்லாம் இதைப் பொறுத்தே தீர்மானமாகின்றன.

முதலாம் படி: எதை வைக்கப் போகிறீர்கள்?

இருவர் மூன்று நாள் பயணம் போவதற்கு 30 முதல் 40 லீற்றர் போதும். பால், முட்டை, மரக்கறி, சமைத்த கறி ஆகியவற்றுக்கு 5 பாகை செல்சியஸுக்குக் கீழான குளிர் வேண்டும். இன்சுலின் கொண்டு செல்பவர் இருந்தால் அது 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக்கூடாது. ஆகவே பனி படியும் உட்சுவரோடு ஒட்டாமல் அதை நடுவில் வைக்க இடமுள்ள பெட்டியைப் பாருங்கள்.

இரண்டாம் படி: வகையைத் தீர்மானியுங்கள்

சந்தையில் விலை குறைந்தது, மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தகட்டினால் இயங்கும் குளிர்ப்பெட்டி. அதனால் சுற்றியுள்ள வெப்பத்தைவிட 15 முதல் 20 பாகை மட்டுமே குறைக்க முடியும். கொழும்பில் பகல் வெப்பம் 32 பாகையாக இருக்கும்போது பெட்டிக்குள் 12 பாகைக்குக் கீழே இறங்காது, பால் கெட்டுவிடும். அத்துடன் இடைவிடாமல் 4 அல்லது 5 அம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். சோடாப் போத்தலைக் குளிர்மையாக வைத்திருக்க மட்டுமே அது உதவும்.

காஸிலும் மின்சாரத்திலும் இயங்கும் உறிஞ்சல் வகைப் பெட்டிகள் ஐரோப்பியக் குளிருக்கு நல்லவை. அவை மட்டமான தரையில் நிற்க வேண்டும், புகை வெளியேற வழி வேண்டும், கடும் வெக்கையில் திணறும். பூட்டிய வானுக்குள் மனிதர் தூங்கும் இடத்தில் காஸ் சுடர் எரிவதை, தகுந்த காற்றுவழியும் தேர்ந்தவரின் பொருத்துதலும் இல்லாமல், நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

வீட்டில் பாவிக்கும் சிறிய 230 வோல்ட் பெட்டியை, பற்றரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வேட்டரில் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் அதன் மோட்டார் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுப்பதால் பெரிய இன்வேட்டர் தேவைப்படும். பெட்டி ஓய்ந்திருக்கும் வேளையிலும் அந்த இன்வேட்டர் பற்றரியைத் தின்றுகொண்டிருக்கும்.

எஞ்சுவது 12 வோல்ட்டில் நேரடியாக இயங்கும் கொம்பிரசர் வகை. விலை கூடியதுதான், ஆனாலும் எமது காலநிலைக்கு இதுவே பொருத்தம்: வெளியே நல்ல வெக்கையாக இருந்தாலும் உள்ளே உறைநிலை வரை இறக்கக்கூடியது, வான் சற்றுச் சரிந்து நின்றாலும் இயங்கும்.

மூன்றாம் படி: வெப்ப வகுப்பைப் பாருங்கள்

பெட்டியின் பின்புறம் ஒட்டிய தாளில், அது எவ்வளவு வெப்பமான சூழலில் இயங்கும் என்பதைக் காட்டும் காலநிலை வகுப்பு குறிக்கப்பட்டிருக்கும். N வகுப்பு 32 பாகை வரைக்கும், ST வகுப்பு 38 வரைக்கும், T வகுப்பு 43 வரைக்கும் உரியது. வெயிலில் நிறுத்திய வானின் உட்பகுதி 45 பாகையைத் தாண்டக்கூடும் என்பதால் T வகுப்பையே கேளுங்கள். விளம்பரத்தாளில் காணும் மின்செலவு பெரும்பாலும் 25 பாகையில் அளந்ததாக இருக்கும். 32 பாகையில் எவ்வளவு என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே நள்ளிரவில் அணைந்துபோன பெட்டியோடு நிற்கிறார்கள். கொம்பிரசர் ஓடும்போது 45 வாட் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பு வெக்கையில் அது நாளின் பாதி நேரம் ஓடும் என்று எடுத்தால், 45 வாட்டை 12 மணித்தியாலத்தால் பெருக்க 540 வாட் மணி வருகிறது. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் நாளொன்றுக்கு 45 அம்பியர் மணி.

100 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் பாதியை மட்டுமே எடுக்கலாம், இல்லாவிடில் அதன் ஆயுள் விரைவில் குறையும். ஆக அது ஒரு நாளுக்குத்தான். அதே அளவுள்ள லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியில் 80 சதவீதம் எடுக்கலாம் என்பதால் ஒன்றே முக்கால் நாள் தாங்கும். கூரையில் தட்டையாகப் பொருத்திய 200 வாட் பனல், நல்ல வெயில் நான்கு மணித்தியாலம் கிடைத்து இழப்பும் கால்வாசி போனால், 600 வாட் மணி தரும். தென்மேல் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை அதை நம்பியிருக்க முடியாது. ஆகவே வான் ஓடும்போது, எஞ்சின் பற்றரியிலிருந்து வேறாகப் பெட்டிக்கென வைத்த இந்த இரண்டாவது பற்றரியை நிரப்பும் சார்ஜர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது 20 அம்பியர் தருமானால், கொழும்பிலிருந்து கண்டிக்குப் போய்ச் சேரும் மூன்று மணித்தியாலத்துக்குள் ஒரு நாள் தேவை நிரம்பிவிடும். எஞ்சின் பற்றரியிலிருந்து பெட்டியை இயக்காதீர்கள்.

ஐந்தாம் படி: மூடியும் இடமும்

மேலே திறக்கும் பெட்டியில் குளிர்ந்த காற்று அடியிலேயே தங்கும். முன்கதவு வகையில் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது காலடியில் கொட்டிவிடும். இடம் இருந்தால் முதலாவதையே வாங்குங்கள். வெப்பம் வெளியேறும் சல்லடைப் பக்கம் சுவரோடு ஒட்டாமல் குறைந்தது 5 சென்டிமீற்றர் விட்டு, கைநூல் அதிகம் கேட்டால் அதன்படி வைக்க வேண்டும். மூடியின் இறப்பர் விளிம்பில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம்.

ஆறாம் படி: வயரும் பியூஸும்

பற்றரிக்கும் பெட்டிக்கும் இடையில் 5 மீற்றர் தூரம் என்றால், மின்சாரம் போய்வரும் பாதை 10 மீற்றர். 5 அம்பியர் ஓடும்போது 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு ஏற்படும். 6 சதுர மில்லிமீற்றரில் 0.14 வோல்ட் மட்டுமே. பற்றரி நிறைந்திருந்தும் பெட்டி அணைந்துபோவதற்கு மெல்லிய வயரே பல வேளைகளில் காரணம். சிகரெட் லைட்டர் குழியைத் தவிர்த்து, பற்றரியிலிருந்து தனி வயர் இழுத்து, பற்றரிக்கு அருகிலேயே 15 அம்பியர் பியூஸ் போடுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும்போது வயரின் முனையைச் சற்று உரித்து, இழைகள் செம்புதானா என்று பாருங்கள்.

ஏழாம் படி: புறப்படுமுன் ஒரு நாள் சோதனை

பெட்டியின் நடுவில் ஒரு குவளைத் தண்ணீரையும் அதற்குள் வெப்பமானியையும் வைத்து, பாதியளவு சாமான்களை நிரப்பி, வானை வீட்டு வாசலில் வெயிலில் நிறுத்தி 24 மணித்தியாலம் ஓடவிடுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கும் விடியற்காலையிலும் தண்ணீரின் வெப்பத்தையும் பற்றரியின் வோல்ட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 5 பாகைக்கு மேலே நின்றால் முதலில் காற்றோட்டத்தைத் திருத்துங்கள். குளிர் சரியாக இருந்தும் விடியலில் பற்றரி இறங்கியிருந்தால், நான்காம் படியின் கணக்கைப் புதிய எண்களோடு மீண்டும் போடுங்கள்.