கொடை விழா ஃப்ளெக்ஸுக்குப் பின்னணி: கிம்ப்பில் கேந்தி மாலையும் சீரியல் செட்டும்

கொடைக்குப் பந்தக்கால் நடும் கால்நாட்டு முடிந்ததும் ஊர் முக்கில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட வேண்டும். அவசரத்தில் இணையத்திலிருந்து ஏதோ ஒரு பின்னணியை இறக்கி அதன்மேல் சுடலைமாடசாமியை வைத்துவிடுகிறார்கள். 1200 பிக்சல் அகலப் படம் ஆறடிக்கு இழுபடும்போது கட்டம் கட்டமாக உடைந்து தெரிகிறது. அதைவிட வருத்தம், அந்தப் பின்னணியில் இருக்கும் விளக்கும் பூவும் நம் பந்தலில் இருப்பவையே அல்ல. கேந்தி (செண்டுமல்லி), மாவிலை, பனை, பந்தலில் தொங்கும் சீரியல் செட் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றை வைத்தே ஒரு பின்னணியை அரை நாளில் செய்துவிடலாம். இங்கே சொல்வது இலவச மென்பொருளான கிம்ப்புக்கு. ஃபோட்டோஷாப்பில் வேறுபடும் இடத்தை அங்கங்கே சொல்லியிருக்கிறது.

அளவு

6×4 அடி ஃப்ளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 72 பிக்சல் போதும். யாரும் அதை முகத்தருகே வைத்துப் பார்ப்பதில்லை. ஆறடி என்றால் 72 அங்குலம், அதனால் அகலம் 5184 பிக்சல், உயரம் 3456. இந்த அளவில் ஒரு லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) மட்டுமே சுமார் 70 எம்.பி. நினைவகம் பிடிக்கும். 10×8 அடிக்கு அதே 72 வைத்தால் சாதாரணக் கணினி திணறும். அதற்கு 50 வைத்து 6000×4800 எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய பேனரைத் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள்.

நான்கு பக்கமும் 216 பிக்சல் உள்ளே, அதாவது 3 அங்குலத்தில், கைடு கோடு போடுங்கள். ரீப்பர் சட்டத்தில் மடித்து ஆணி அடிக்கும்போது அந்த ஓரம் பின்னால் போய்விடும். நிறம் ஓரம் வரை ஓடட்டும், பூவும் கோலமும் கோட்டுக்கு உள்ளேயே நிற்கட்டும்.

அடிநிறம்

கிரேடியன்ட் கருவியில் ரேடியல் வடிவம். நடுவில் சிவப்பு 150, பச்சை 20, நீலம் 30. ஓரத்தில் 70, 8, 18. நடுவிலிருந்து ஒரு மூலைக்கு இழுங்கள். ஓரத்தை இதைவிட இருட்டாக்க ஆசை வரும், வேண்டாம். திரையில் அடர்ந்த அரக்காகத் தெரிவது ஃப்ளெக்ஸில் மை அடைத்துக் கறுப்பாகிவிடும்.

பலரும் இடறுவது இங்கேதான். சிவப்பு 150-இலிருந்து 70-க்கு இறங்க 80 படிகள்தான் உண்டு. நடுவிலிருந்து மூலை வரை சுமார் 3115 பிக்சல். ஆக ஒவ்வொரு படியும் 39 பிக்சல் அகலம், அச்சில் கிட்டத்தட்ட 1.4 சென்டிமீட்டர். அதுதான் வெங்காயத்தை வெட்டியது போல வட்ட வட்டமாகத் தெரிகிறது. இதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். கருவியின் அமைப்பில் டிதரிங் (படிகளின் எல்லையில் புள்ளிகளைக் கலந்துவிடுவது) பெட்டியை டிக் செய்துவிட்டு கிரேடியன்ட் போடுங்கள். பிறகு ஃபில்டர்ஸ் பட்டியலில் நாய்ஸ், ஆர்.ஜி.பி. நாய்ஸ். லீனியர் ஆர்.ஜி.பி., இண்டிபெண்டன்ட் ஆர்.ஜி.பி. இரண்டிலும் டிக்கை நீக்கிவிட்டு, மூன்று நிறத்துக்கும் 0.03 வையுங்கள். 100 சதவீதத்தில் பார்க்கும்போது மாவு தூவியது போல லேசாகத் தெரிந்தால் சரி.

அம்மன் கோயில் கொடை என்றால் நடுவில் மஞ்சள் கலந்த சிவப்பு எடுக்கும். முழு மஞ்சளுக்குப் போகாதீர்கள், மேலே எழுத்து நிற்காது.

சீரியல் செட்

மங்கலான ஒளி வட்டங்களைக் கண்டபடி இறைத்துவிடுவது எல்லோரும் செய்வது. ஆனால் பந்தலில் சீரியல் செட் வரிசையாகத்தான் தொங்குகிறது, கம்பத்துக்குக் கம்பம் சரிவாக. வட்டங்களையும் வரிசையில் வைத்தால்தான் பார்ப்பவர் கண்ணுக்கு அது பந்தலாகும்.

ஒவ்வொரு வரிசைக்கும் வெளிப்படையான புது லேயர் எடுத்து, அதன் மோடை ஸ்கிரீன் (கீழே உள்ள நிறத்தை வெளிச்சமாக்குவது) என்று மாற்றுங்கள். பாத் கருவியால் சரிவான கோடு வரையுங்கள். பெயின்ட்பிரஷ்ஷில் ஹார்ட்னஸ் 75 உள்ள வட்ட பிரஷ், ஸ்பேசிங் 200. பிறகு எடிட் பட்டியலில் ஸ்ட்ரோக் பாத், அதில் பெயின்ட் கருவியைத் தேர்ந்தெடுங்கள். கோட்டின் மேல் சம இடைவெளியில் விளக்குகள் விழுந்துவிடும்.

தூரத்து வரிசைக்கு பிரஷ் 40 பிக்சல், ஒபாசிட்டி (நிறம் எவ்வளவு அழுத்தமாக விழுகிறது என்பது) 80. நடு வரிசைக்கு 120, ஒபாசிட்டி 45. பக்கத்து வரிசைக்கு 320, ஒபாசிட்டி 18. காரணம் இருக்கிறது. குவியம் தவறிய விளக்கு பெரிய வட்டமாக விரியும்போது அதே வெளிச்சம் அதிக இடத்தில் பரவுவதால் மங்கும். பெரிய வட்டத்தைப் பளிச்சென்று வைத்தால் பொட்டு ஒட்டியது போல் ஆகிவிடும். ஒரு வரிசைக்குள் அளவை மாற்றாதீர்கள். ஒரே வயரில் தொங்கும் விளக்குகள் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றன. கடைசியாகக் காஷியன் ப்ளர்: தூரத்து வரிசைக்கு 3, பக்கத்து வரிசைக்கு 12.

நிறத்துக்கு 255, 190, 80 என்ற இளமஞ்சள்தான் முதல். பந்தலில் பச்சையும் நீலமும் உண்டுதான், ஆனால் அரக்கின் மேல் ஒபாசிட்டி குறைந்த பெரிய பச்சை வட்டம் மங்கிய பழுப்பாகும், நீலம் கத்திரிப்பூ நிறமாகும். பச்சை வேண்டுமென்றால் தூரத்துச் சிறு வரிசையில் மட்டும் வையுங்கள், அங்கே பச்சையாகவே நிற்கும்.

கேந்தி மாலை

ஒரே பூவைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் மாலை ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல் இருக்கும். ஐந்து பூ எடுங்கள்: முழுதாய் விரிந்தவை மூன்று, பக்கவாட்டில் கிடப்பது ஒன்று, பாதி விரிந்தது ஒன்று. காலையில் நிழலில், வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஃபோனிலேயே படம் எடுக்கலாம். வெயிலில் எடுத்தால் ஆரஞ்சு நிறம் உச்சத்தைத் தொட்டு இதழ்கள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே தீட்டலாகிவிடும். ஃபிளாஷும் அப்படித்தான்.

படத்தைத் திறந்து லேயருக்கு ஆல்ஃபா சேனல் சேருங்கள், அப்போதுதான் நீக்கிய இடம் வெளிப்படையாகும். ஃபஸி செலக்ட்டால் வெள்ளையைத் தேர்ந்து, தேர்வை 2 பிக்சல் பெரிதாக்கி, 1 பிக்சல் ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்குவது) கொடுத்து நீக்குங்கள். அந்த 2 பிக்சலை விட்டுவிட்டால் ஒவ்வொரு பூவையும் சுற்றி வெள்ளைக் கோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், அரக்கின் மேல் அது அப்பட்டமாகத் தெரியும்.

பிறகு 150×150 பிக்சலில் வெளிப்படையான புதுப் படம். ஐந்து பூவையும் 150-க்குச் சுருக்கி ஐந்து லேயராக வையுங்கள். அச்சில் ஒரு பூ சுமார் 5 சென்டிமீட்டர் வரும், ஏறக்குறைய நிஜப் பூவின் அளவு. இதை ஜி.ஐ.ஹெச். வகையில் (பல படங்கள் கொண்ட கிம்ப் பிரஷ்) எக்ஸ்போர்ட் செய்யுங்கள்: ஸ்பேசிங் 75, டைமென்ஷன் 1, ரேங்க் 5, தேர்வு முறை ரேண்டம். கிம்ப்பின் பிரஷ் கோப்புறையில் போட்டுப் பட்டியலைப் புதுப்பித்தால், நிறத்தோடு கூடிய கேந்தி பிரஷ் தயார். ஃபோட்டோஷாப் பிரஷ் நிறத்தை வைத்துக்கொள்ளாது, சாம்பல் அச்சாக மாற்றிவிடும். அங்கே பூக்களை லேயராக நகலெடுத்துத்தான் அடுக்க வேண்டும்.

மாலைக்கு மேலே ஐந்து புள்ளிகள்: இடமிருந்து 216, 1404, 2592, 3780, 4968. எல்லாம் மேலிருந்து 260 பிக்சலில். புள்ளிக்குப் புள்ளி 1188. நடுவில் தொய்வு 280 வையுங்கள், ஏறக்குறைய அகலத்தில் கால்வாசி. தொய்வு குறைந்தால் மாலை கம்பி போல விறைத்து நிற்கும். கூடினால் சாமி படத்தின் தலையில் இடிக்கும். பாத் கருவியில் வளைவை வரைந்து, கேந்தி பிரஷ்ஷால் ஸ்ட்ரோக் செய்தால் ஒரு வளைவுக்கு 12, 13 பூ விழும். ஒவ்வொரு வளைவையும் தனியாக ஸ்ட்ரோக் செய்யுங்கள். ஒன்றை நகலெடுத்து நான்காக்கினால் அதே பூ வரிசை நான்கு முறை வந்து கண்ணை உறுத்தும்.

புள்ளி ஒவ்வொன்றிலும் மாவிலைக் கொத்து. ஓர் இலை 260 பிக்சல் நீளம், நுனி கீழே பார்க்க, ஐந்து இலை. அம்மனுக்கு வேப்பிலை. கரும்பச்சை அரக்குக்குள் அமுங்கிப்போகும் என்பதால் லெவல்ஸில் நடு அம்பை இடப்பக்கம் நகர்த்தி இலையை வெளுக்க வையுங்கள். கடைசியில் மாலை லேயருக்கு டிராப் ஷேடோ: எக்ஸ் 10, ஒய் 14, ப்ளர் 15, ஒபாசிட்டி 0.5. அப்போதுதான் பூ பின்னணியை விட்டு வெளியே வரும்.

கீழ்ப்பகுதியும் கோலமும்

கீழே பனைவரிசை நிழலுருவாக நிற்கலாம். அந்தி வானத்துக்கு எதிராகப் பனையை எடுங்கள். கலர்ஸ் பட்டியலில் த்ரெஷோல்ட் போட்டால் கறுப்பு, வெள்ளையாகும். வெள்ளையைக் கலர் டு ஆல்ஃபாவால் நீக்கி, மிஞ்சிய கறுப்பை 30, 3, 8 நிறமாக்குங்கள். உயரம் 700 பிக்சலுக்குள். நெல்லையப்பர் ஆனித் தேரோட்ட பேனருக்குப் பனைக்குப் பதில் தேரின் நிழலுரு. கீழ் வரிசையில் விழாக் குழுவினர் படங்கள் வரப்போகிறது என்றால் இந்த வேலையே வேண்டாம், எல்லாம் மறைந்துவிடும்.

கோலத்துக்கு சிம்மெட்ரி பெயின்டிங்கில் மண்டலா, புள்ளி எண்ணிக்கை 8. ஒரு இதழ் வரைந்தால் எட்டும் விழும். கோடு 9 பிக்சலுக்குக் குறையக் கூடாது. அச்சில் அது 3 மில்லிமீட்டர். முப்பதடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அதற்கு மேல் மெல்லிய கோடு பிடிபடுவது கடினம். 14 வைத்தால் நிம்மதி. வெள்ளைக் கோலத்தை 15 சதவீத ஒபாசிட்டியில் மூலைகளில் மட்டும் வையுங்கள்.

நடுவில் எதுவும் வேண்டாம். அங்கே சாமி வர வேண்டும், வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் மதியக் கொடையும் சாமக்கொடையும் நேரத்தோடு வர வேண்டும். மஞ்சள் எழுத்தில் இரண்டு வரி தட்டி வைத்து, படத்தின் சிறிய நகல் ஒன்றை 518 பிக்சல் அகலத்தில் எடுத்து ஃபோனில் கை நீட்டிப் பாருங்கள். எழுத்துக்கு முன்னால் விளக்கு கண்ணில் பட்டால், பக்கத்து வரிசையின் ஒபாசிட்டியை 10-க்கு இறக்குங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது

லேயர்களோடு எக்ஸ்.சி.எஃப். கோப்பு (கிம்ப்பின் சொந்த வகை) உங்களிடம் இருக்கட்டும், அடுத்த வருஷக் கொடைக்கு நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். கடைக்கு ஜேபெக், தரம் 92, சப்சாம்ப்ளிங் 4:4:4 (நிற விவரம் குறையாத அமைப்பு). இதை விட்டால் சிவப்பின் மேல் உள்ள கேந்தி ஓரங்கள் கசிந்தது போல் வரும், ஏனென்றால் சப்சாம்ப்ளிங் நிற விவரத்தைத்தான் முதலில் குறைக்கிறது. வாட்ஸப்பில் ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். ஃபோட்டோவாகப் போனால் சுருங்கி, ஆரம்பத்தில் சொன்ன அதே கட்டங்கள் திரும்பி வரும். சுத்த நீலம் எங்காவது இருந்தால் அச்சில் ஊதாவாகும், 0, 70, 170 போல பச்சை சேர்த்து மாற்றிவிடுங்கள். முழு பேனரை ஓட்டும் முன், மாலையும் அரக்கும் சேர்ந்து வரும் ஓர் இடத்தை ஒரு சதுர அடி மட்டும் அச்சடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.