ஷோரன்னரை மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஒரு தொடரின் இயக்குநர் வாரத்துக்கு ஒருவராக மாறினாலும் பார்க்கிற நமக்குத் தெரியாது. ஷோரன்னர் மாறினால் இரண்டாவது எபிசோடிலேயே தெரிந்துவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தப் பொறுப்புக்கு இருக்கும் கனம் அப்படி. எழுத்தாளர்களை உட்காரவைத்து கதை பிடிப்பது, ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் கடைசிக் கை வைப்பது, நடிகர் தேர்வு, எடிட்டிங், பட்ஜெட், சேனலோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அந்த ஒருவர் தலையில்தான். தமிழில் தெரிந்த உதாரணம் வேண்டுமென்றால் 'சுழல்'. 2022இல் முதல் சீசனை பிரம்மாவும் அனுசரணும் இயக்கினார்கள். 2025இல் வந்த இரண்டாவது சீசனில் அனுசரண் இடத்துக்கு சர்ஜுன் வந்தார். கதை புஷ்கர்–காயத்ரி கையிலேயே இருந்ததால், இது வேறு தொடர் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கையே மாற வேண்டிய நிலை எந்தத் தொடருக்கும் வரலாம். ஒப்பந்தப் பேச்சு முறியும், செலவு எகிறும், ஆளே களைத்துப்போவார். மாற்றுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மாற்றுகிற விதத்தில்தான் தொடர் அடிபடுகிறது, அந்த அடி முதலில் விழுவது நடிகர்கள் மேல்.

இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தது ஒரு தினசரி சீரியலில். உதவி வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். நானூறு எபிசோடுகளுக்கு மேல் எழுதியவரை ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்திவிட்டார்கள். திங்கள் காலை புதியவர் எழுதிய சீன் பேப்பரை மேக்கப் ரூமுக்கு எடுத்துப்போனேன். மாமியாராக நடிக்கும் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தார். மறுபடி உதட்டை அசைத்துப் படித்தார். "தம்பி, இவ மருமகளை 'வாம்மா'ன்னு கூப்பிட மாட்டாளே. இத்தனை நாளா பேரைச் சொல்லித்தானே கூப்பிடுறா?" என்றார். புதியவருக்கு அது தெரியாது. பழையவர் அதை எங்கேயும் எழுதிவைக்கவில்லை, மனதிலேயே வைத்திருந்தார். அன்றைக்கு அந்த மாமியாரை முழுசாகத் தெரிந்த ஒரே ஆள், அவளாக நடித்தவர்தான்.

மனதில் இருப்பதைக் கேட்டு வாங்காமல் அனுப்புவது

'கில்மோர் கேர்ள்ஸ்' தொடரை உருவாக்கியவர் ஏமி ஷெர்மன்-பலடினோ. அம்மாவும் மகளும் மூச்சுவிடாமல் பேசிக்கொள்வதுதான் அந்தத் தொடரின் உயிர். வழக்கமான ஒரு மணி நேரத் தொடருக்கு ஐம்பது பக்கச் சொச்சம் ஸ்கிரிப்ட் போதும், அவர்களுக்கு எண்பது பக்கத்தை நெருங்கும். 2006இல் ஆறாவது சீசனோடு, ஒப்பந்தப் பேச்சு ஒத்துவராமல், அவரும் கணவர் டேனியல் பலடினோவும் வெளியேறினார்கள். ஏழாவது சீசனை நடத்திய டேவிட் ரோசன்தால் வெளியாள் இல்லை, அதே குழுவில் வேலை பார்த்தவர்தான். அப்படியிருந்தும் அந்தப் பேச்சின் வேகம் தளர்ந்ததை என்னால் உணர முடிந்தது. அம்மாவாகவும் மகளாகவும் நடித்த லாரன் கிரஹாமும் அலெக்சிஸ் பிளெடலும் அதே ஆட்கள்தான், வாயில் வந்த சொற்கள்தான் வேறு. 2007இல் தொடர் முடிந்துவிட்டது.

தொடரின் கடைசி நான்கு சொற்கள் என்னவென்று ஏமிக்கு முன்பே தெரியும். அவை அந்த ஏழாவது சீசனில் வரவில்லை. 2016இல் நெட்ஃபிளிக்ஸுக்காக அவரே திரும்பி வந்து எடுத்த நான்கு எபிசோடுகளின் முடிவில்தான் வந்தன. ரசிகர்கள் பத்து வருடம் அந்த நான்கு சொற்களுக்காகக் காத்திருந்தார்கள்.

பொறுப்பை மாற்றிக்கொடுக்கும்போது ஸ்கிரிப்ட் கட்டைக் கொடுத்தால் போதாது. யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள், எந்த இடத்தில் இவள் பேசாமல் போய்விடுவாள், மூன்றாவது சீசனில் போட்ட முடிச்சு எதற்காக என்றெல்லாம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கசப்போடு பிரிகிறவரிடம் இதைக் கேட்பது சிரமம். அதனால்தான் பிரிவு வருவதற்கு முன்பே, சுமுகமாக இருக்கும்போதே, எழுதிவைக்கும் பழக்கம் வேண்டும் என்கிறேன்.

பழைய வெற்றியைப் பார்த்து வரைவது

இதற்கு 'கம்யூனிட்டி'யைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. ஒரு சாதாரணக் கல்லூரியில் சேர்ந்து படிக்கும் ஏழு பேரின் கதை. அதை உருவாக்கிய டான் ஹார்மன், ஒவ்வொரு கதையையும் ஒரு வட்டத்தில் எட்டுப் படிகளாகப் பிரித்துப் போட்டுப் பார்ப்பவர். வெளியே எவ்வளவு கூத்து நடந்தாலும் உள்ளே ஒரு மனிதன் எதையோ இழந்து, மாறித் திரும்ப வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

2012 மே மாதம், மூன்றாவது சீசனின் கடைசி எபிசோட் ஒளிபரப்பான மறுநாள், அவரை நீக்கினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் விமானம் இறங்கி போனை ஆன் செய்தபோதுதான் தனக்கு உறுதியாகத் தெரிந்தது என்று அவரே எழுதினார். டேவிட் குவராசியோவும் மோசஸ் போர்ட்டும் பொறுப்பேற்று, 2013இல் 13 எபிசோடுகள் கொண்ட நான்காவது சீசனைக் கொடுத்தார்கள்.

அவர்கள் திறமையற்றவர்கள் இல்லை. ரசிகர்கள் எதையெல்லாம் கொண்டாடினார்களோ அதையெல்லாம் திரும்பக் கொடுக்க நினைத்தார்கள். பெயின்ட்பால் சண்டை முன்பு பிடித்ததா, கடைசி எபிசோடில் பெயின்ட்பால் துப்பாக்கிகள் வந்தன. மூன்றாவது சீசனில் ஒரு தாயக்கட்டையை உருட்டிக் கதையை ஆறு ஏழு காலக்கோடுகளாகப் பிரித்த எபிசோட் பேசப்பட்டதா, அதில் வந்த இருண்ட காலக்கோட்டின் ஆட்களும் அதே கடைசி எபிசோடுக்குள் வந்தார்கள். முதன்முறை பார்த்தபோது அந்தத் தாயக்கட்டை நம்மை உலுக்கியதற்குக் காரணம் காலக்கோடு இல்லை. ஒருவர் அறையைவிட்டுப் போனால் மீதிப் பேருக்குள் என்ன மாறுகிறது என்று ஒவ்வொரு முறையும் காட்டியதுதான் காரணம். நான்காவது சீசனில் துப்பாக்கி இருந்தது, அந்தக் கேள்வி இல்லை.

இன்னொன்றையும் இதே தொடரில் பார்க்கலாம். ஹார்மனுக்கும் மூத்த நடிகர் செவி சேஸுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். ஹார்மன் போன பிறகாவது சேஸ் நிலைத்தாரா என்றால் இல்லை. நான்காவது சீசன் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே தொடரைவிட்டு விலகினார். மேலே இருப்பவரை எடுத்துவிட்டால் செட்டில் அமைதி வந்துவிடும் என்று கணக்குப் போடுவது பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. ஹார்மனைத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்று முன்னின்று பேசியவர்களில் ஒருவர் நாயகன் ஜோயல் மெக்ஹேல். ஐந்தாவது சீசனுக்கு ஹார்மன் வந்தார். 2014 ஜனவரியில் வந்த முதல் எபிசோடில், நான்காவது சீசனை 'கேஸ் கசிந்த வருஷம்' என்று, அதாவது யாரும் நிதானத்தில் இல்லாத வருஷம் என்று, கதாபாத்திரங்களே சொல்லும்படி எழுதினார். ரசிகர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் அந்த வருஷம் முழுக்க உழைத்த நடிகர்கள் அந்த வசனத்தைப் பேச வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்க அதிபர் மாளிகையில் நடக்கும் கதையான 'த வெஸ்ட் விங்' வேறு வழி காட்டியது. முதல் நான்கு சீசன்களில் ஏறக்குறைய எல்லா எபிசோடுகளிலும் ஆரன் சோர்கின் பேனா இருந்தது. 2003இல் அவர் விலகியபோது அதிபரின் மகள் கடத்தப்பட்டு, அதிபர் பதவியை எதிர்க்கட்சி சபாநாயகரிடம் தற்காலிகமாக ஒப்படைத்த இடத்தில் கதை நின்றது. போகிறவர் வருகிறவருக்கு இவ்வளவு பெரிய முடிச்சை விட்டுப்போகக்கூடாது. அடுத்துப் பொறுப்பேற்ற ஜான் வெல்ஸின் ஐந்தாவது சீசன் தடுமாறியது. பிறகு அவர் சோர்கினைப்போல எழுதும் முயற்சியை விட்டு, நடிகர்கள் ஜிம்மி ஸ்மிட்ஸையும் ஆலன் ஆல்டாவையும் அடுத்த அதிபர் தேர்தலில் எதிரெதிரே நிறுத்தினார். அங்கேதான் தொடர் மறுபடி மூச்சு வாங்கியது.

நடிகர்களிடம் கடைசியில் சொல்வது

2011 ஜூலையில் ஜாம்பித் தொடரான 'த வாக்கிங் டெட்' குழு சான் டியாகோ காமிக்-கான் ரசிகர் விழா மேடையில் ரசிகர்கள் முன் உட்கார்ந்திருந்தது. சில நாட்களிலேயே ஷோரன்னர் ஃபிராங்க் டாராபான்ட் நீக்கப்பட்டார், இரண்டாவது சீசன் வேலை நடந்துகொண்டிருக்கும்போது. நடிகர்களில் சிலர் அவருடைய பழைய படங்களில் நடித்தவர்கள், அவரை நம்பி வந்தவர்கள். டேல் என்ற பாத்திரத்தில் நடித்த ஜெஃப்ரி டிமன், டாராபான்ட்டை நடத்திய விதத்தில் கொதித்துப்போய், தன் கதாபாத்திரத்தைக் கொன்றுவிடும்படி தானே கேட்டதாகப் பின்னர் சொன்னார். 2012 மார்ச்சில் டேல் செத்தார். மூலமான காமிக்ஸில் டேலும் ஆண்ட்ரியா என்ற பெண்ணும் வெகுதூரம் சேர்ந்து போகிறவர்கள். டேல் போனதும் ஆண்ட்ரியாவின் பாதையே மாறிப்போயிற்று, மூன்றாவது சீசன் முடிவில் அவளும் செத்தாள். ஒரு நடிகரின் மனம் உடைந்தது இன்னொரு நடிகையின் கதைவரை போய் முட்டுகிறது.

இங்கே நிர்வாகம் ஏமாறுவது பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்த்து. மூன்றாவது சீசனின் முதல் எபிசோடை அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள், யார் நடத்தினாலும் ஓடும் என்ற நினைப்பு வருவது இயல்பு. டாராபான்ட்டுக்குப் பின் வந்த கிளென் மஸாராவும் அந்த சீசனோடு போனார். ஸ்காட் கிம்பிள் வந்தபோது நான்கு சீசனுக்குள் மூன்றாவது ஷோரன்னர். லாபப் பங்கு குறித்து டாராபான்ட் தரப்பு தொடுத்த வழக்குகள் 2021இல் 20 கோடி டாலருக்கு சமரசமாயின. அதே தொடரில் 2018இல் பொறுப்பேற்ற ஏஞ்சலா காங், இரண்டாவது சீசனிலிருந்தே அங்கே எழுதியவர். நாயகன் ஆண்ட்ரூ லிங்கன் விலகிய அதே சீசனில் வந்தும், கடைசிவரை தொடரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பார்வையாளர்களாகிய நாமும் ஒன்றைத் தவிர்க்கலாம். பிடிக்காத எபிசோடுக்கு நடிகரின் சமூக வலைத்தளப் பக்கத்தில் போய்த் திட்டுவது. அவர் கையில் வந்த பேப்பரை அவர் எழுதவில்லை.

நல்லபடியாக நடந்த ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் 'டாக்டர் ஹூ'வில் ரஸல் டி டேவிஸுக்குப் பிறகு ஸ்டீவன் மொஃபட் என்று 2008 மே மாதமே அறிவித்துவிட்டார்கள், மொஃபட்டின் சீசன் வந்தது 2010இல். டேவிஸோடு நாயகன் டேவிட் டென்னன்ட்டும் விடைபெற்றார். 2010 ஜனவரி முதல் நாள் ஒளிபரப்பான அந்தக் கடைசி எபிசோடில், போக மனமில்லை என்று டென்னன்ட் சொல்வதுவரை டேவிஸ் எழுதினார். நடிகர் மாறும்போது டாக்டரே உருமாறுவதாகக் காட்டுவது அந்தத் தொடரின் வழக்கம், டென்னன்ட்டின் முகம் மாறி அடுத்த நாயகன் மேட் ஸ்மித்தின் முகம் வருகிறது. அந்த இடத்தில் டேவிஸ் பேனாவை வைத்துவிட்டார். புது டாக்டர் தன் கை, கால், மூக்கைத் தடவிப் பார்த்துப் பேசும் முதல் வசனங்களை மொஃபட் எழுதினார்.